தம்பிக்குப் பதிலாக நான் கேம்ஸ்டாப்பில் பதியலாமா? (பெட்டிங், லண்டன்)

ஹரோ_வதனி எழுதியது:

வணக்கம். முன்பு இங்கே கடன் பற்றிக் கேட்டவர்களுக்கு உருப்படியான பதில்கள் வந்ததைப் பார்த்தேன், அதனால் இதையும் கேட்கிறேன். தயவுசெய்து புத்திமதி மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அது வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

தம்பிக்கு 23 வயது. எங்களோடுதான் இருக்கிறான், ஒரு கிடங்கில் வேலை, சம்பளம் மோசமில்லை. சின்ன வயதிலிருந்தே கால்பந்துப் பைத்தியம், ஆகவே சனி ஞாயிறுகளில் போனை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதை நாங்கள் ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. கார் வாங்குவதற்கென்று அம்மா அவன் பெயரில் ஒரு சீட்டுப் போட்டிருந்தார். சீட்டை எடுத்தாயிற்று, கார் வரவில்லை. கேட்டால் சிநேகிதனுக்குக் கைமாற்றாகக் கொடுத்தேன் என்றான், பிறகு கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் திரிந்துவிட்டு என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவ்வளவும் பெட்டிங்கில் போய்விட்டது. அதோடு ஒரு கிரெடிட் கார்டு நிரம்பியிருக்கிறது, சிறு கடன் ஒன்றும் எடுத்திருக்கிறான். சீட்டுக்கு மிச்சத் தவணையை மாதாமாதம் கட்டியாக வேண்டும், ஊர்ச்சனம் அம்மாவின் வாக்கை நம்பிச் சேர்ந்த சீட்டு அது. அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

கேம்ஸ்டாப் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் பதிந்தால் எல்லா பெட்டிங் தளமும் பூட்டிவிடுமாம். அவனுக்குத் தெரியாமல் நான் அவன் பெயரைப் பதியலாமா? வங்கிக்கும் சொல்ல வேண்டுமா, எதை முதலில் செய்வது? கார்டுக் கடனை நானே அடைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன், என்னிடம் கொஞ்சம் சேமிப்பு உண்டு. அவன் சொல்வது வேறு: ஆப்பில் வாரத்துக்கு 20 பவுண்டு என்று வரம்பு வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை என்கிறான். அது போதுமா?


மதி_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

வதனி, முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: முடியாது. கேம்ஸ்டாப்பில் ஆளே தன்னைப் பதிய வேண்டும், அக்காவோ மனைவியோ பெற்றோரோ அவருக்காகப் பதிய இடமில்லை. என் கணவர் விஷயத்தில் நானும் இதைத்தான் முதலில் தேடினேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பதிய வைக்கலாம், அதற்கு ஐந்து பத்து நிமிடம்தான் ஆகும், காசு இல்லை. 2020 மார்ச் 31 முதல் பிரித்தானிய உரிமம் உள்ள இணையச் சூதாட்ட நிறுவனம் எல்லாமே அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே ஒரு இடத்தில் பதிந்தால் உரிமம் உள்ள எல்லா இடத்திலும் பூட்டுவார்கள். 24 மணி நேரத்துக்குள் நடைமுறைக்கு வந்துவிடும்.

ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தெரிவு இருக்கிறது. எடுத்த காலம் முடியும் வரை அவனே அழுது கேட்டாலும் திறக்க மாட்டார்கள், அதற்காகத்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன். காலம் முடிந்தாலும் தானாகத் திறக்காது. அவன் கேட்டு, அதற்கு மேலும் 24 மணி நேரம் பொறுத்த பிறகுதான் திறக்கும். எங்கள் வீட்டில் ஆறு மாதம் போதும் என்று பேரம் பேசினார், நான் விடவில்லை.

ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய்யுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண்ணை வைத்துத்தான் நிறுவனங்கள் ஆளை அடையாளம் பிடிக்கின்றன. பல்கலைக்கழகக் காலத்து மின்னஞ்சல், பழைய சிம் எண், முன்பு இருந்த வீட்டு முகவரி என்று அவன் எதையெல்லாம் பயன்படுத்தினானோ அத்தனையையும் போடச் சொல்லுங்கள். ஒரு மின்னஞ்சல் விடுபட்டாலும் அது ஒரு ஓட்டைதான்.

பதிவதற்கு முன்னாலோ பின்னாலோ தேசியச் சூதாட்ட உதவித் தொலைபேசிக்கு அழையுங்கள், 0808 8020 133, கேம்கேர் என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், குடும்பத்தாரும் பேசலாம். நான்தான் முதலில் அழைத்தேன், கணவர் அல்ல. கேம்பேன் என்ற தடுப்பு மென்பொருளை அவர்கள் மூலம் இலவசமாகப் பெறலாம், போனிலும் மடிக்கணினியிலும் போட்டுவிட்டால் சூதாட்டத் தளங்கள் திறக்காது. கேம்ஸ்டாப் நிறுவனத்தின் பக்கத்துக் கதவை மூடுகிறது, கேம்பேன் உங்கள் வீட்டுப் பக்கத்துக் கதவை மூடுகிறது. இரண்டும் வேண்டும்.

கடனை நீங்கள் அடைக்காதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். கணக்குகள் திறந்திருக்கும்போது கார்டை அடைத்தால் அவன் கையில் மறுபடி தேய்ப்பதற்குக் கடன் இல்லாத கார்டு ஒன்று வந்து சேரும், அவ்வளவுதான்.


சனிக்கிழமை_சங்கர் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு பதறத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பவுண்டு போடுகிறேன், வந்தால் வரட்டும் போனால் போகட்டும். பையனே வரம்பு வைத்துவிட்டான் என்கிறீர்கள், அதை மதியுங்கள். 23 வயது ஆளைப் பிடித்து எல்லாவற்றையும் பூட்டினால் ஒளித்துத்தான் செய்வான்.


பழைய_ஹெட்செட் எழுதியது:

சங்கர் அண்ணா, உங்கள் பத்துப் பவுண்டில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் இங்கே சீட்டுக் காசு முழுக்கப் போயிருக்கிறது, இரண்டும் ஒரே கதை அல்ல.

நான் ஒரு பெட்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்தவன், பெயர் வேண்டாம். அந்த 20 பவுண்டு வரம்பைப் பற்றி ஒன்று கேட்கிறேன்: எத்தனை ஆப்பில் வைத்திருக்கிறான்? வரம்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஒன்றில் 20 என்று வைத்தது பக்கத்து ஆப்புக்குத் தெரியவே தெரியாது. வரம்பைக் குறைத்தால் உடனே குறையும், கூட்ட வேண்டுமென்றால் 24 மணி நேரம் பொறுக்க வேண்டும், நல்ல விதிதான், ஆனால் வேறு நிறுவனத்தில் புதுக் கணக்குத் திறக்க அவ்வளவு நேரம் தேவையில்லையே. 2025 அக்டோபர் 31 முதல், முதல் காசு போடும் முன்பே வரம்பு வைக்கிறீர்களா என்று நிறுவனம் கேட்டாக வேண்டும். கேட்கத்தான் வேண்டும், வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. முதல் கணக்குத் திறக்கும் 18 வயதுப் பையன் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

அடுத்தது, 30 நாளில் எடுத்ததைக் கழித்து 150 பவுண்டுக்கு மேல் போட்டால் நிதிநிலைச் சோதனை செய்ய வேண்டும் என்று 2025 பெப்ரவரி 28 முதல் விதி இருக்கிறது (அதற்கு முந்தைய ஆகஸ்டில் 500 பவுண்டில் தொடங்கினார்கள்). கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் பார்ப்பது திவால், நீதிமன்றக் கடன் தீர்ப்பு போன்ற பொதுப் பதிவுகளைத்தான். சம்பளம் எவ்வளவு, சீட்டுக் காசா, அம்மாவின் காசா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னமும் கோர்ட்டுக்குப் போகாத ஆள் அந்தச் சோதனையில் சுத்தமாகத் தெரிவான்.

ஸ்லாட் எனும் காசு இயந்திர வகை ஆட்டங்களுக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 18 முதல் 24 வயது வரை 2 பவுண்டு என்று 2025-இல் உச்ச வரம்பு கொண்டுவந்தார்கள். விளையாட்டுப் பெட்டிங்குக்கு அப்படி எதுவும் இல்லை. உங்கள் தம்பி ஒரு கார்னர் கிக்குக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் போட்டாலும் சட்டம் குறுக்கே வராது. கம்பெனிதான் தடுக்கும், அதுவும் பெரும்பாலும் ஜெயிக்கிறவனைத்தான்! தொடர்ந்து ஜெயிக்கிற ஆளின் பந்தயத் தொகையைச் சில்லறைக்கு இறக்கிவிடுவது இந்தத் தொழிலில் வெகு சாதாரணம்.

காசு போகும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் நடக்கும்போதே போடும் பந்தயம், ஒரே ஆட்டத்தில் நாலைந்தைக் கோக்கும் பில்டர், ஐந்தாறு ஆட்டத்தைச் சேர்க்கும் ஆக்கா. ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால், ஐந்து ஆட்டத்தைக் கோத்தவனுக்கு 100 பவுண்டுக்குச் சராசரியாகத் திரும்புவது 77 பவுண்டு. திரையில் தெரிவதோ பெரிய பரிசுத் தொகை மட்டும். நாலு ஆட்டம் சரியாகி ஐந்தாவது பிசகினால் "மயிரிழையில் போச்சு" என்று தோன்றும், அடுத்த சனிக்கிழமைக்கு அதுவே ஆள் பிடித்துக் கொடுக்கும்.

கணக்கு மூடும் வரையாவது விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்தச் சொல்லுங்கள். 2025 மே முதல் எந்த வகை ஆட்டத்துக்கு, எந்த வழியில் விளம்பரம் அனுப்பலாம் என்று வாடிக்கையாளரின் சம்மதத்தைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அமைப்புப் பக்கத்தில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டாலே இலவசப் பந்தயம் என்று வெள்ளிக்கிழமை மாலை வரும் தொல்லை குறையும்.


கவுண்டர்_நாலு எழுதியது:

வங்கியில் வேலை செய்கிறேன், எந்த வங்கி என்பது முக்கியமில்லை. வங்கித் தடை பற்றி மட்டும் சொல்கிறேன்.

2018-இல் மொன்சோ, ஸ்டார்லிங் என்ற ஆப் வங்கிகள் தொடங்கியது, இன்று பெரிய வங்கிகள் பெரும்பாலானவற்றின் ஆப்பிலேயே சூதாட்டத் தடைப் பொத்தான் இருக்கிறது. போடுவது உடனே, எடுப்பதற்குத்தான் காத்திருப்பு, சில வங்கியில் 48 மணி நேரம், சிலதில் 72. இதையும் கணக்குக்காரரே போட வேண்டும். ஆனால் தொலைபேசியில் கேட்டால் ஊழியரும் போட்டுத் தருவார்கள், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனிடம் எத்தனை வங்கிக் கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் போடுங்கள், இந்த வயதுப் பிள்ளைகளிடம் மூன்று நாலு ஆப் வங்கி சாதாரணமாக இருக்கும்.

தடை எப்படி வேலை செய்கிறது என்றால், கார்டு வலையமைப்பு ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு வகை எண் வைத்திருக்கிறது, சூதாட்டத்துக்கு 7995. அந்த எண்ணோடு வரும் கட்டணத்தை வங்கி திருப்பிவிடும். ஆகவே கார்டில் போவதை நன்றாகப் பிடிக்கும், சிநேகிதனின் கணக்குக்கு அனுப்பி அவன் பெயரில் போடுவதையும், கிரிப்டோ வாங்கி அனுப்புவதையும் பிடிக்காது.

இப்போது வதனிக்கு ஒரு கேள்வி, இதுதான் எனக்கு உறுத்துகிறது. 2020 ஏப்ரல் 14 முதல் இந்த நாட்டில் கிரெடிட் கார்டு வைத்துச் சூதாட முடியாது, உரிமம் உள்ள எந்த நிறுவனமும் வாங்காது. அப்படியென்றால் அந்தக் கார்டு எப்படி நிரம்பியது? சம்பளம் பெட்டிங்குக்குப் போய், சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் கார்டைத் தேய்த்தானா, இயந்திரத்தில் பணமாக எடுத்தானா, அல்லது ஏதோ தளம் நேரடியாகவே கார்டை வாங்கியதா? கடைசியாகச் சொன்னது என்றால் விஷயம் வேறு. கார்டு அறிக்கையைப் பாருங்கள்.


ஜூரோங்_கலா எழுதியது:

சும்மா ஒரு தகவல், சிங்கப்பூரில் இருந்து. இங்கே குடும்பத்தினரே விண்ணப்பித்து ஒருவரைச் சூதாட்டத்திலிருந்து விலக்க வழி இருக்கிறது, பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றம் அதைப் பார்க்கிறது, இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்வார்கள். என் சித்தி இரண்டு முறை யோசித்துத்தான் போட்டார், அதன்பின் சித்தப்பா கொஞ்ச நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. ஆனாலும் லண்டனில் அப்படி ஒரு வழி இல்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.


வெம்ப்ளி_வாத்தியார் எழுதியது:

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, இந்த நாட்டில் எல்லாப் பாரத்தையும் விளையாடுகிறவன் தலையில் வைப்பதுதான் வழக்கம். பதிவதும் அவன், வரம்பு வைப்பதும் அவன், தடையைப் போடுவதும் அவன். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடத்துக்கு முன்னிருந்து முடிந்து ஐந்து நிமிடம் வரை தொலைக்காட்சியில் பெட்டிங் விளம்பரம் போடுவதில்லை என்று 2019-இல் நிறுவனங்கள் பெருமையாக அறிவித்தன, அதுவும் இரவு 9 மணி வரைதான். அந்த நேரம் முழுக்க மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையில் ஓடுவது என்னவாம்? சட்டையின் முன்பக்கத்தில் இருந்து பெட்டிங் நிறுவனப் பெயரை 2025-26 பருவத்தோடு எடுத்துவிடுகிறோம் என்று பிரீமியர் லீக் கழகங்கள் 2023-இல் ஒப்புக்கொண்டன, கைப்பகுதிக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெட்டிங் நிறுவனங்களின் பெயர்கள் பாடப்புத்தகத்து ஆறுகளின் பெயர்களை விட நன்றாகத் தெரியும்.

வதனிக்கு இது உதவாது, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.


ஹரோ_வதனி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கவுண்டர்_நாலு சொன்ன மாதிரி அவனை உட்கார வைத்துக் கார்டு அறிக்கையைப் பார்த்தேன். பாதிக்குமேல் சாப்பாடு, பெட்ரோல், பணமாக எடுத்தது. ஆனால் கடைசி இரண்டு மாதத்தில் ஏதோ ஆடைக் கடை போல ஒரு பெயரில் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது, ஒரே இரவில் பல தடவை. கேட்டேன், கேம்ஸ்டாப் இல்லாத தளம் என்று டெலிகிராமில் ஒருவன் கொடுத்த இணைப்பாம். வரம்பு வைத்தது எல்லாம் மற்ற ஆப்களில். இதைச் சொல்லும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது, நானும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் பதியச் சம்மதித்திருக்கிறான். ஆனால் இந்த வெளித் தளத்துக்கு என்ன செய்வது? சீட்டு?


கவுண்டர்_நாலு எழுதியது:

நினைத்தேன். அது பிரித்தானிய உரிமம் இல்லாத தளம். கேம்ஸ்டாப் அதைத் தொடாது, "கேம்ஸ்டாப்பில் இல்லை" என்பதையே விளம்பரமாக வைத்து விலகிப் போனவர்களைத் திரும்ப இழுப்பதுதான் அவர்களின் வேலை. வங்கித் தடையும் பிடிக்காது, ஏனென்றால் ஆடைக் கடை என்ற போர்வையில் வேறு வகை எண்ணோடு வருகிறது. அங்கே ஜெயித்தாலும் காசு கையில் வரும் என்று உறுதியில்லை, முறையிட ஆளும் இல்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். ஞாயிறு முதலில் கேம்பேன், அவனுடைய எல்லாக் கருவியிலும், பழைய டேப்லெட் இருந்தால் அதிலும். இப்படிப்பட்ட வெளித் தளங்களையும் அது தடுக்கும். டெலிகிராம் குழுவை விட்டு விலகட்டும். கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு அழைத்து அந்த வியாபாரிப் பெயரைச் சொல்லி, அது உண்மையில் சூதாட்டத் தளம் என்று முறையிடுங்கள், கார்டை முடக்கி வரம்பை இறக்கச் சொல்லுங்கள். காசு திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சூதாட்ட ஆணையத்துக்கும் தளத்தின் பெயரை அறிவிக்கலாம். அதன் பிறகு கேம்ஸ்டாப், வங்கித் தடை.

கடனுக்கு ஸ்டெப்சேஞ்ச் அல்லது நேஷனல் டெட்லைன் என்ற கடன் ஆலோசனை அமைப்புகளிடம் பேசுங்கள், இரண்டும் இலவசம். தகுதி இருந்தால் அவர்கள் மூலம் 60 நாள் மூச்சுவிடும் காலம் என்ற ஏற்பாட்டைக் கேட்கலாம், 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருக்கிறது, அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவர்கள் வட்டி ஏற்றவோ துரத்தவோ முடியாது. கார்டுக்கும் சிறு கடனுக்கும் அது சரி. சீட்டு ஆட்களிடம் போய் மூச்சுவிடும் காலம் என்று சொல்ல முடியாது என்பது நமக்கெல்லாம் தெரியும்.


மதி_ஈஸ்ட்ஹாம் எழுதியது:

சீட்டுக்கு நான் சொல்கிறேன். தவணையை அவன் சம்பளத்திலிருந்தே கட்டட்டும், ஆனால் அவன் கையால் அல்ல. சம்பள நாளிலேயே தவணைக் காசும் வீட்டுச் செலவுக் காசும் உங்கள் கணக்குக்கு வரும்படி வங்கியில் நிலையான உத்தரவு (மாதாமாதம் தானாகக் காசு அனுப்பும் ஏற்பாடு) போடச் சொல்லுங்கள், மிச்சம் வாரச் செலவுக்கு மட்டும். எங்கள் வீட்டில் சம்பளம் முழுவதும் என் கணக்குக்கு வந்தது, கணவருக்கு முதலில் அவமானமாக இருந்தது, போகப் போக நிம்மதியாக இருக்கிறது என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவரே வேண்டாம் என்று சொல்லும் வரை மாற்றவில்லை.

அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் வதனி. சீட்டு அவரின் வாக்கை நம்பி நடக்கிறது, வெளியாள் வாயால் தெரிந்தால் அதைவிட மோசம். தம்பியே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இன்னொன்று, பூட்டுப் போடுவதோடு ஆள் மாறிவிட மாட்டார். இங்கிலாந்தில் என்.எச்.எஸ் எனும் அரசு மருத்துவச் சேவை நடத்தும் சூதாட்டச் சிகிச்சை நிலையங்கள் 15 இருக்கின்றன, லண்டனில் உள்ளது 2008-இலிருந்து இருக்கிறது. குடும்ப மருத்துவரின் (ஜிபி) கடிதம் தேவையில்லை, அவனே நேரடியாக விண்ணப்பிக்கலாம். கடைத்தெருவில் உள்ள பெட்டிங் கடைகளுக்கு வேறு விலக்குத் திட்டம் இருக்கிறது, கேம்ஸ்டாப் கடைகளை மூடாது. கடைக்கும் போகிறானா என்று கேம்கேரில் பேசும்போதே கேளுங்கள், அதையும் அவர்களே செய்து தருவார்கள்.


சனிக்கிழமை_சங்கர் எழுதியது:

அந்த டெலிகிராம் விஷயம் எனக்குத் தெரியாது. அப்படியென்றால் நான் முன்பு சொன்னது இந்தப் பையனுக்குப் பொருந்தாது, பூட்டுங்கள்.

ஞாயிறு மாலை என்கிறீர்களே, நாலரை மணிக்கு ஆட்டம் இருக்கும். காலையிலேயே வையுங்கள்.